கொட்டகையில் நான் எண்ணிய முடிச்சுகள்

கரிவண்டியில் போன ஞாபகம் உள்ளவர்கள்தான் இதைப் படிப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மற்றவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும், பஸ்ஸின் முதுகில் ஆளுயரத் தகர உருளை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைப்பார்கள். கிளீனர் கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றி, அரைமணி நேரம் போனபிறகுதான் வண்டி இருமிக்கொண்டு கிளம்பும். பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் இறங்கும்போது மூக்குத்துளை கறுத்திருக்கும். அந்த உருளை என்றைக்காவது வெடிக்கும் என்று எனக்கு ஓயாத பயம். நான் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். இதை எழுதலாமா கூடாதா என்றே ஒரு மாதமாகத் தூக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் நீங்களே சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள்.

தேனிக்கும் கூடலூருக்கும் ஓடிய அப்படியொரு வண்டிக்கு என் மாமா டிரைவர். அம்மாவின் ஒரே தம்பி. அவர் மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தபோதே பெற்றவர்கள் இருவரும் போய்விட்டார்களாம். அம்மா கல்யாணமாகி அனுமந்தன்பட்டிக்கு வாழ வந்தபோது, இடுப்பில் தம்பியையும் தூக்கிக்கொண்டுதான் வந்தாள். பல வருஷம் கழித்து நான் பிறந்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆக அம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு, மாமாவும் நானும். மாமா வேலை முடிந்து சைக்கிளில் வருகிற மணிச்சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா சோறு வடிப்பாள்.

எனக்குப் பத்து வயது நடந்த அந்த வருஷம், பங்குனி மாதம், அம்மாவும் நானும் தேனிச் சந்தைக்குப் போய்விட்டு மாமாவின் வண்டியிலேயே திரும்பினோம். வழியில் ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. அது வழக்கம்தான். ஆண்கள் இறங்கித் தள்ளவேண்டும்.

“பொம்பளைக எறங்க வேணாம், அங்கனயே இருங்க” என்றார் மாமா.

நடுசீட்டிலிருந்து ஒரு பெண் மட்டும் இறங்கினாள். அவளோடு ஏறியிருந்த தகரப் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்துதான் மேலே தூக்கிப் போட்டிருந்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள்.

“நீங்க எதுக்கு எறங்குனீக?”

“எம் பெட்டி ரெண்டு ஆள் கனம். அதுக்குப் பதிலா நானாச்சும் தள்ளணுமில்ல?”

அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். சும்மா பேசியதே வண்டியின் மறுமுனை வரைக்கும் வந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“மெதுவாப் பேசுங்க. வண்டி பயந்து ஓடிரப்போகுது” என்றார் மாமா.

“ஓடட்டும். அதுக்குத்தான தள்ளுறோம்?”

வண்டியே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சந்தைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி தள்ள இறங்கியவள் ஸ்பெஷல் நாடகத்து ஸ்திரீபார்ட். கதாநாயகி வேஷக்காரி. ஸ்பெஷல் நாடகம் என்றால் கம்பெனி கிடையாது. ஒவ்வொரு வேஷக்காரரும் ஒவ்வோர் ஊரிலிருந்து தனித்தனியாக வந்து, மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பங்குனியிலிருந்து ஆடி முடிகிறவரை நம் பள்ளத்தாக்கில் கோயில் கொடைகளுக்குக் குறைவில்லை. மதுரைக்கும் இங்கேயும் கரிவண்டியில் அலைய முடியாமல், அந்தப் பருவம் முழுக்க இங்கேயே தங்கிவிட நினைத்து வந்திருந்தாள். நாடகக்காரிக்கு யார் வீடு கொடுப்பார்கள்? எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் கொடுத்தார். மாதா கோயில் மணிக்கூண்டுக்குப் பின்னால் தனியாக இருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். “மாதாவே மாட்டுக்கொட்டத்துலதான் எடம் கேட்டாக. நான் ஒரு ரூமு தந்தா கொறஞ்சா போயிருவேன்?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

நாடகம் உள்ள நாளில் உச்சிப்பொழுது சாயும்வரை அவள் வாயே திறக்கமாட்டாள். மேடைக்கு மைக் வராத காலம். ஆயிரம் பேருக்குக் கேட்கப் பாடவேண்டுமே. டீச்சர் வீட்டுக்கு நான் போனால் என் சிலேட்டை வாங்கி அதில் எழுதிக் காட்டுவாள். ‘பால் புளிப்பு’ என்று எழுதிப் பால்காரரிடம் காட்ட, அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நல்ல எழுத்துத்தாயி” என்று சொல்லிப் போனார். நாடகம் இல்லாத நாளில் அந்த மௌனத்துக்கெல்லாம் சேர்த்துப் பேசுவாள். எட்டு வயதில் பாலகன் வேஷம் போட்டு மேடையேறியவள். பதினாறில் ஸ்திரீபார்ட். இருபதில் சினிமா.

ஆமாம், ஒரு பேசும்படத்தில் நடித்திருந்தாள். கதாநாயகியின் தங்கை வேஷம். மூன்று நாள் ரயிலில் கல்கத்தாவுக்குக் கூட்டிப்போனார்களாம். படம் எடுத்தவருக்குத் தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் செடிக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டு வாசிக்க, மூங்கிலில் கட்டித் தொங்கவிட்ட மைக்குக்குக் கீழே நின்று பாடவேண்டும். காக்கை கரைந்தால் முதலிலிருந்து பாடவேண்டும். காக்கை விரட்டவே சம்பளத்துக்கு ஒருவர் இருந்தாராம். தகரத்தாள் ஒட்டிய பலகைகளில் வெயிலைப் பிடித்து முகத்தில் அடிப்பார்கள், சிமிட்டாமல் நிற்கவேண்டும். இதைச் சொல்லும்போது அவள் கண்ணில் தண்ணீர் வரும். பழக்கத்தில் வருகிறது என்பாள். அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகங்கள் அவள் பெட்டியில் ஒரு கட்டு இருந்தன. அட்டையில் அவள் படம் கட்டைவிரல் நகம் அளவுக்கு. எனக்கு ஒன்று கொடுத்தாள். அது எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஒருநாள் நான் கேட்டேன்: “மேடையில தாலி கட்டுறாகளே, அப்ப உங்களுக்கு நெசமாவே கல்யாணம் ஆயிருமா?”

எங்கள் பக்கம் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும், மற்ற இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோதான் போடவேண்டும். மூன்றும் விழுந்தால்தான் தாலி. இது உங்களுக்கும் தெரியும்.

அவள் தன் பிடரியிலிருந்து கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள். “ராஜபார்ட் ரெண்டு முடிச்சுப் போடுவாக. மூணாவதுக்கு முன்னால கையை எடுத்துருவாக. எந்த ஊரு ராஜபார்ட்டா இருந்தாலும் இதுல மட்டும் தப்பு செய்யமாட்டாக. மூணாவது முடிச்சு வீட்டுக்கு. மேடைக்கு இல்ல.”

மூன்றாவது முடிச்சு வீட்டுக்கு. ரகசியம் கிடைத்த பிள்ளை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் என்ன ஆகுமோ என்று பயமாகவும் இருக்கும்.

மாமா நாடக ஊர்களுக்கு அவளை ஏற்றிக்கொண்டு போவதும், முன்சீட்டில் அவளுக்கென்று இடம் வைப்பதும் ஊருக்கே தெரிந்தது. ஆனி பிறந்ததும் மாமா வீட்டில் சொல்லிவிட்டார். நேரில் அக்காவிடம் சொல்லத் தைரியமில்லை. என் அப்பாவிடம் சொன்னார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “சினிமாவுல வந்த பொண்ணா நம்ம வீட்டுக்கு? ஏ மாப்பிள்ளை, வரிசைப் பணத்துக்குப் பதிலா டிக்கெட்டு கிழிச்சுத் தருவாகளா?” என்றார். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “அவன் சந்தோசம்னா சரி” என்றாள். ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து அவள் எனக்கு அத்தை. மாமாவின் பெண்டாட்டி அத்தைதானே. அப்படிக் கூப்பிட்டதும் அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள். முகத்துச் சாயம் கலைக்கிற தேங்காயெண்ணெய் வாசம் அவளிடம் எப்போதும் இருக்கும்.

ஆடிக்காற்று ஆரம்பித்த வாரம், உத்தமபாளையத்துக்கு டூரிங் கொட்டகை வந்தது. என்ன படம் என்கிறீர்கள்? அத்தை நடித்த அதே படம். பல ஊர் சுற்றித் தேய்ந்த பிரதி. அப்பா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். “எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு. வந்து பாருங்க.” இரண்டு வண்டி கட்டிச் சொந்தக்காரப் பெண்களையெல்லாம் ஏற்றினார். மாமா வண்டியோட்டப் போயிருந்தார். அத்தைக்குக் கம்பத்தில் நாடகம். போகும்போது என்னிடம், “என்னைய சினிமாவுல பாத்துட்டு, நேருல பாக்கும்போது மூஞ்சியத் திருப்பக்கூடாது, சரியா?” என்று சிரித்தாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் அன்று பூராவும் அதையே நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்புயர மண்சுவர். பெண்கள் பக்கம் மணலில் நாங்கள் மொத்தமாக உட்கார்ந்தோம். ஒரே மிஷின் என்பதால் ஒரு சுருள் முடிந்ததும் விளக்கு எரியும், கடலைக்காரர் சத்தம் போடுவார், மறுபடி இருட்டும். வெளியே ஆடிக்காற்று கூடாரத்தைப் பிடித்து உலுக்கியது. திரை கப்பல் பாய் மாதிரி உப்பும், ஒட்டும். அத்தையின் முகம் அதில் பெரிதாகி, சின்னதாகி வந்தது. “அந்தா, அந்தா” என்று எங்கள் கூட்டம் கத்தியது. மண்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா எழுந்து நின்று எங்களைப் பார்த்துக் கையாட்டினார். அவ்வளவு பெருமையை அவர் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பின்னாலும் பார்த்ததில்லை.

தங்கையின் கல்யாணக் காட்சி வந்தது. முதலில் மணவறை. பிறகு, திடீரென்று திரை முழுக்க ஒரு பிடரி. அத்தையின் பிடரி. ஒதுக்கிய கூந்தல், மஞ்சள் கயிறு, ஆண்பிள்ளைக் கைகள் இரண்டு. கொட்டகையே அமைதியாகிவிட்டது.

எனக்குத்தான் ரகசியம் தெரியுமே. அடக்க முடியவில்லை. “அம்மா, பாருங்க, ரெண்டோட நிறுத்திருவாக. வேசத்துக்கு ரெண்டுதான். மூணு போட்டாத்தான் நெசக் கல்யாணம்” என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். முன்வரிசைப் பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

“ஒண்ணு” என்றேன். “ரெண்டு” என்றேன்.

கைகள் விலகவில்லை. கயிற்றை மறுபடி சுற்றி, உள்ளே விட்டு, இழுத்தன. இறுகியது. என் வாய் என்னைக் கேட்காமலே, “மூணு” என்றது.

இருட்டில் அம்மா என் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன செய்ய? நான் மட்டும் அந்த ரகசியத்தைச் சொல்லாதிருந்தால் அது சினிமாவில் வந்த ஒரு கல்யாணம், அவ்வளவுதான். மூன்று முடிச்சா நான்கு முடிச்சா என்று ஒரு பெண்ணும் பார்த்திருக்கமாட்டாள்.

மறுநாள் காலையில் டீச்சரையும் அத்தையையும் அம்மா ஆள்விட்டுக் கூப்பிட்டாள். அப்பா தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். மாமா முதல் டிரிப் முடித்து, கரித் துணியோடு அப்படியே வந்து நின்றார்.

“அது நெழலு. நெழலுக்குப் போயி யாராச்சும் கணக்குப் பாப்பாகளா?” என்றார் டீச்சர்.

“நெழல்ல கட்டுனாலும் கட்டுனது தாலிதான” என்றாள் அம்மா.

அத்தைக்கு விஷயம் புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. “அட, இதுக்கா? அந்த டைரக்டருக்கு நம்ம பாசையும் தெரியாது, நம்ம முடிச்சும் தெரியாது. யாரோ மூணு முடிச்சுன்னு சொல்லக் கேட்டு, மூணுதான் வேணும்னு நின்னாரு. ஒரு தடவை கட்டுனா காக்கா கத்துது. இன்னொரு தடவை கட்டுனா கயிறு நழுவுது. அப்புறம் ரயிலு கூவுது. காலையில இருந்து வெயிலு எறங்குற வரைக்கும் பதினோரு தடவை கட்டுனாக, பதினோரு தடவை அவுத்தாக. இதுல எந்தத் தாலியை நீங்க தாலின்னு சொல்றீக?”

அத்தை உண்மையைச் சொன்னாள். அதோடு காரியம் கெட்டது. அப்பா தலையைத் தூக்கினார். “பதினோரு தடவை தாலி எறக்குனதா?” என்றார். புருஷன் செத்தால்தானே தாலி இறக்குவார்கள். ஒரு கயிறு கட்டியிருந்தால்கூடப் பரிகாரம் என்று ஏதாவது செய்திருக்கலாம். பதினோரு தடவை இறங்கிய கழுத்து!

“எறக்கல மச்சான், அவுத்தாக” என்றார் மாமா. “என் வண்டி ஒரு மேட்டுல பதினோரு தடவை நிக்கிது. வண்டி செத்துப்போச்சுன்னு மறுநாளு ஏறாமலா இருக்கீக?”

யாரும் சிரிக்கவில்லை. “அந்தக் கழுத்துல நான் முடிச்சுப் போடமாட்டேன்” என்றாள் அம்மா. அவள் ஒருத்திதான் மாமாவுக்கு அக்கா. முடிச்சுப் போட வேறு ஆள் இல்லை.

அத்தை கலங்கவில்லை, அன்றைக்கு. மாமா கோயிலில் வைத்து, யார் வந்தாலும் வராவிட்டாலும் கட்டுவேன் என்று நின்றார். அம்மாவோடு பேச்சை நிறுத்தினார். வீட்டில் சோறு சாப்பிடவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போனது. அந்த நாட்களில் ஒருநாள் அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் படுத்துக்கொண்டே கேட்டேன். “எம் மக சமைஞ்சா இவனுக்குத்தான்னு நான் நெனச்சிருந்தேன். ரெண்டு பிள்ளைகளும் எங் கண்ணு முன்னாலயே இருக்கும்னு.” அப்போது அது எனக்கு ஏதோ சாதாரணப் பேச்சாகத்தான் தெரிந்தது. முடிச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பது, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் உறைத்தது. அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடுப்பிலிருந்து இறக்கிவிட அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கூடலூரில் அத்தைக்கு நாடகம் இருந்த ஒருநாள் காலை, அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாடக நாளில், காலை வேளையில், வாய் திறந்து பேசினாள். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். இன்னைக்கு இல்லாட்டியும் ஒரு வருசம் கழிச்சு முடிச்சுப் போட வருவீகளா?”

“எந்த வருசமும் வரமாட்டேன்.”

“நான் மேடையேறுறத விட்டுட்டா?”

முறம் நின்றது. அம்மாவின் கண் தானாக என் பக்கம் வந்தது. அத்தையும் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். மேடையில் எதிராளியின் கண்ணைப் பார்த்தே அடுத்த வசனத்தைப் பிடித்துப் பழகியவள். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

“சரிக்கா” என்றாள். “அவுகளுக்கு நான் இல்லாட்டி இன்னொருத்தி வருவா. நீங்க இல்லாட்டி இன்னொரு அக்கா வரமாட்டாக.”

போகும்போது என் கன்னத்தில் கை வைத்தாள். கையில் எண்ணெய் வாசம் இல்லை.

அந்த வாரமே மதுரைக்குக் கிளம்பிவிட்டாள். தேனி வரைக்கும் மாமாவின் வண்டியில்தான் போகவேண்டியிருந்தது. அந்த நேரத்துக்கு வேறு வண்டி இல்லை. அந்த மேட்டில் வண்டி நின்றதா, அத்தை இறங்கித் தள்ளினாளா, இரண்டு பேரும் என்ன பேசினார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. மாமா அன்று சாயங்காலம் வந்து சோறு கேட்டார். அம்மா அழுதுகொண்டே போட்டாள். அந்த மாதமே என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாடகக்காரிக்கு வீடு கொடுத்த டீச்சரிடம் படித்தது போதும் என்றாள் அம்மா.

ஆறு வருஷம் கழித்து மாமா எனக்குத் தாலி கட்டினார். பெண்ணைப் பெற்றவள் முடிச்சுப் போடக்கூடாது என்று அம்மாவைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தூரத்துச் சொந்தத்தில் தங்கை முறையுள்ள ஒருத்தி வந்து போட்டாள். மாமா நல்லவராகத்தான் இருந்தார். என் பயங்களைக் கேலி செய்யாத ஒரே மனிதர். கதவு தாழ்ப்பாளைப் போட்டேனா என்று நான் மூன்று தடவை கேட்டால் மூன்று தடவையும் எழுந்துபோய்ப் பார்ப்பார். ஆனால் சினிமாவுக்கு மட்டும் எங்களோடு வரவேமாட்டார். நானும் அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லாமலே வாழ்ந்தேன். எண்ணியது நான் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்கிற பயம், சமைக்கும்போதும் துவைக்கும்போதும் கூடவே இருந்தது.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில், பக்கத்து வீட்டுப் பெண்களோடு கம்பத்துக்குப் பகல் காட்சி பார்க்கப் போனேன். பாதிப் படத்தில் ஒரு கிழவி, மகனை வழியனுப்ப வாசலுக்கு வந்தாள். குரலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அத்தை. தலை முழுக்க வெள்ளை. இரண்டு காட்சிதான் வந்தாள்.

வீட்டுக்கு வந்து சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாமா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்காகளா?” என்று கேட்டார். ஊருக்குப் போய்வந்தவர்களிடம் கேட்பது மாதிரி.

“தலை நரைச்சிருந்துச்சு. நெசமா வேசமான்னு தெரியல.”

அவர் சட்டையைக் கொடியில் போட்டார். அடுத்த வார ஓய்வு நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகக் கம்பத்துக்குப் போனார். எதற்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று பகல் பூராவும் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். பொழுது சாயும்போது திரும்பி வந்து, கை கழுவிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“வேசந்தான்” என்றார். “காதுக்குப் பின்னால கருப்பாத்தான் இருக்கு.”

அவர் முகம் அவ்வளவு தெளிந்திருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். “அன்னைக்குக் கொட்டகையில எண்ணுனது நாந்தேன்.”

சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “தெரியும்” என்றார்.

“எப்பருந்து?”

“மறுநாளு மொத டிரிப்புல இருந்து. வண்டியில ஏறுன பொம்பளைக அம்புட்டுப் பேரும் அதத்தான பேசிக்கிட்டு வந்தாக. ‘டிரைவரோட அக்கா மக எண்ணுச்சு, டிரைவரோட அக்கா மக எண்ணுச்சு’ன்னு.” குழியை விரலால் சரிசெய்தார். “பத்து வயசுப் பிள்ளை எண்ணத்தான் செய்யும். ரசத்த ஊத்து.”

ஊற்றினேன். இலையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்ததில் குழிக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது. அது இலையைத் தாண்டி ஓடாதபடி அவர் சோற்றை இழுத்து அணை கட்டிக்கொண்டு, சாப்பிட ஆரம்பித்தார்.